அளக்காமல் வெட்டின சட்டை

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது. ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் தையல் கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காலால் மிதிக்கிற மெஷின் ஒன்று, துணி வெட்ட ஒரு பலகை, கரி போடுகிற இஸ்திரிப் பெட்டி, பின்னால் ஒரு கதவு. கதவைத் திறந்தால் வீடு.

தொழிலில் எனக்குக் கர்வம் ஜாஸ்தி. ஒரு ஆள் தெருவில் நடந்து வருவதைப் பார்த்தே மார்பு இத்தனை, கை இத்தனை என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். மீதி நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

பெண்களிடம் மட்டும் அந்த வித்தை பலிக்காது. அந்த நாளில் பெண்கள் தையல் கடைப் படி ஏற மாட்டார்கள். புதுத்துணியோடு பழைய ரவிக்கை ஒன்றை மூட்டையில் வைத்துக் கொடுத்தனுப்புவார்கள், அதுதான் அளவு. அளவு ரவிக்கை இல்லாத வீட்டிலிருந்து நூல் வரும். நூலை உடம்பில் பிடித்துப் பார்த்து, எட்டின இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டிருப்பார்கள். நீளமான நூல் உயரம், அடுத்தது மார்பு, குட்டையானது தோள் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அப்படித் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு ரெண்டு பிள்ளைகள். மூத்த மகளைச் செட்டியார்பட்டியில் கட்டிக் கொடுத்தாயிற்று. இளையவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சின்ன வயதில் அக்காவின் பாவாடையைச் சுற்றிக்கொண்டு ஆடுவான், நாங்களும் சேர்ந்து சிரிப்போம். எட்டு வயதிலும் அதையே செய்தபோது சிரிப்பு நின்றது. பத்து வயதில் அடி விழ ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்கள் கேலி பண்ணிப் பண்ணி அங்கே போவதையே நிறுத்திவிட்டான். என்னைப் பையன் என்று கூப்பிடாதீர்கள் என்று ஒருநாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அது என் காதுக்கு வந்த அன்று, அவன் ஒளித்து வைத்திருந்த அக்காவின் பழைய பாவாடையைத் தேடி எடுத்து, அவன் கண் முன்னால் இஸ்திரிப் பெட்டிக் கரியில் போட்டுக் கொளுத்தினேன். பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கும். அதற்குப் பிறகு பேச்சும் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது.

பாளையங்கோட்டையில் என் அண்ணன் போலீசில் இருந்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பிள்ளையை அவரிடம் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். ரெண்டு வருஷம் அவர் கையில் இருந்தால் ஆம்பிளையாகத் திரும்பி வருவான் என்பது என் கணக்கு. "அங்க அனுப்புனீங்கன்னா பிள்ளை நமக்குத் திரும்பி வராது, பாத்துக்கிடுங்க," என்றாள் என் வீட்டுக்காரி. நான் கேட்கவில்லை. டிரங்குப் பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டேன்.

டிசம்பர் மாதம் எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. மில்லில் வேலை பார்க்கிற எங்கள் சபை ஆட்கள் எல்லாரும் பண்டிகைத் துணியை ஒரே வாரத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்த நெரிசலில் என் வீட்டுக்காரி பின்கதவு வழியாக ஒரு மூட்டையை நீட்டினாள். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சீட்டித் துணி, நாலைந்து அளவு நூல்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அக்கா வீட்டுப் பக்கம் ஒரு பெண் பிள்ளையாம். "தனக்குன்னு ஒரு புதுப் பாவாடை சட்டை இதுவரைக்கும் அந்தப் பிள்ளை உடுத்துனதே கெடையாது. பண்டிகைக்குள்ள முடிச்சுக் குடுங்க," என்றாள்.

அந்த வார்த்தை எனக்கு எங்கேயோ தைத்துவிட்டது. பாவம், தகப்பன் இல்லாத பிள்ளை போலிருக்கிறது என்று நானாகவே ஒரு கதை கட்டிக்கொண்டேன். மற்ற துணிகளை ஒதுக்கி வைத்துவிட்டு அதை எடுத்தேன்.

நூல்களைப் பலகையில் பரப்பியபோது ஒரு விஷயம் இடித்தது. தோளிலிருந்து இடுப்புக்கு ரெண்டு நூல், இடது பக்கத்துக்குச் சிவப்பு, வலது பக்கத்துக்கு வெள்ளை என்று அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். இடது நூல் அரை அங்குலம் குட்டை. அளக்கத் தெரியாத கை எதுவோ முடிச்சுப் போட்டிருக்கிறது என்று நான் உரக்கத் திட்ட, அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "சரியாத்தான் அளந்திருக்கு. பிள்ளைக்கு ஒரு தோள் எறக்கம்."

சரி, அந்தக் குறை வெளியே தெரியக்கூடாது என்று சட்டையின் இடது தோளுக்குள் மெல்லிசாகப் பஞ்சு வைத்துத் தைத்தேன். வளர்கிற பிள்ளையாயிற்றே என்று பாவாடையின் அடியில் நாலு விரல் துணி மடித்து விட்டேன். யாரோ ஒரு டாக்டரம்மாவுக்குத் தைத்ததில் மிஞ்சின லேஸ் பின்னல் கொஞ்சம் இருந்தது, அதைக் கழுத்தைச் சுற்றி வைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். நாலு நாள் அந்த முகம் தெரியாத பெண்ணை நினைத்துக்கொண்டே மெஷின் மிதித்தேன் என்றால் நம்புவீர்களா? உடுத்திப் பார்க்கும்போது அந்த முகம் எப்படி மலரும் என்றெல்லாம் யோசித்தேன்.

இந்த மும்முரத்துக்கு நடுவே, பாளையங்கோட்டைக்குப் போகிற என் பிள்ளைக்கும் ஒரு சட்டை, ஒரு நிஜார் தைத்தேன். அளவு எடுக்கவில்லை. சொந்தப் பிள்ளைக்கு எந்தத் தையல்காரன் டேப்பு வைப்பான்? போன வருஷத்து வெட்டு மாதிரிக் காகிதத்தை எடுத்து, ரெண்டு அங்குலம் கூட்டி, கண்ணளவில் வெட்டினேன்.

பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது, காலையில் கடை திறக்குமுன் பிள்ளையைக் கூப்பிட்டுச் சட்டையை மாட்டிவிட்டுப் பார்த்தேன். இடது பக்கம் தொங்கியது. காலரை இழுத்து விட்டேன், மறுபடியும் தொங்கியது.

"ஏலே, நேரா நில்லு."

"நேராத்தாம்பா நிக்கேன்."

தோளைப் பிடித்து நிமிர்த்தப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது. ஆறு வயதில் மாந்தோப்பில் கிளையிலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்த தோள் அது. நான்தான் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினேன். அவர் கட்டுப் போட்டதில் எலும்பு கூடியது, தோள் மட்டும் அரை அங்குலம் இறங்கிவிட்டது. ஊரில் இருக்கிறவன் உடம்பெல்லாம் எனக்கு அத்துப்படி, இதை மட்டும் மறந்திருக்கிறேன்.

அளவு நூல்கள் சுவரில் ஆணியில்தான் தொங்கின. எடுத்து வந்து தோளில் வைத்தேன். இடது நூலின் முடிச்சு இடுப்பில் சரியாக வந்து உட்கார்ந்தது. வலது நூலும் அப்படியே. மார்பு, உயரம், ஒன்றுகூடத் தப்பவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி என் வீட்டுக்காரி நின்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஏமாற்றிவிட்டாய் என்று அவளிடம் சீறினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஊரை மட்டுந்தான் மாத்திச் சொன்னேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். மத்ததெல்லாம் நெசம். ஊரு பேரு தெரியாத பிள்ளைன்னதும் ஒங்களுக்கு எம்புட்டுப் பிரியம் வந்துச்சு. நம்ம பிள்ளைன்னா மட்டும் கை ஓங்குது."

இறங்கிப் போய்க் கண்மாய்க் கரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறுகிற வரைக்கும் அங்கேதான் இருந்தேன். அண்ணன் என்ன சொல்வார், சபை என்ன சொல்லும், ஊர் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும் என்று மனசு அலைந்தது. எவ்வளவு அலைந்தாலும் ஒரே இடத்துக்கு வந்து நின்றது. நாலு நாள் நான் ஆசையாகத் தைத்தேனே, அந்தப் பெண் வேறு யாரும் இல்லை. அவளுக்குத் தகப்பன் இல்லை என்று நான் கட்டின கதையும் முழுக்கப் பொய் இல்லை. அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பி, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன்: "எத்தன நாளா ஒனக்கு இப்படித் தோணுது?"

"தோணுதுன்னு இல்லப்பா. நான் அப்படித்தான் இருக்கேன்."

எனக்கு அது முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொய் சொல்லுகிற முகம் எனக்குத் தெரியும், அது அந்த முகம் இல்லை. எழுந்துபோய்ப் பாவாடை சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில்கூட ஊசி போட வேண்டியிருக்கவில்லை. அந்த நாலு நாளும் நான் யோசித்து யோசித்துப் பார்த்த முகமலர்ச்சி அப்படியே என் கடைக்குள் நின்றது. அன்று மத்தியானம் அண்ணனுக்குக் கார்டு எழுதிப் போட்டேன், பிள்ளை வரவில்லை என்று.

பண்டிகைக்கு வருஷா வருஷம் என் வீட்டுக்காரியின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குத்தான் போவோம். தேவாலயத்தை எங்கள் ஆட்கள் கோயில் என்றுதான் சொல்வோம். காலை பஸ்ஸில் போய் இறங்கினோம். அந்த நீலப் பாவாடையோடு அவள் முன்னால் நடந்தாள். "ஏட்டி, பாவாடையில மண்ணு படுது, தூக்கிப் பிடி," என்று நான் சத்தம் போட்டேன். அம்மாவும் மகளும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். பெண் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி ஏட்டி என்று அவளை அன்றுதான் முதல்முதலாகக் கூப்பிட்டேன்.

கோயிலுக்குள் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், நடுவே வழி. வாசலில் சபை மூப்பர் ஒருவர் நின்று ஆட்களை உட்காரவைப்பார். போன வருஷம் என் பிள்ளையை ஆண்கள் பாயில் உட்காரவைத்தவரும் அவர்தான். எங்களைப் பார்த்ததும் அவர் பார்வை பாவாடையில் இறங்கி, முகத்துக்கு ஏறி, என்னிடம் வந்தது. பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பிள்ளை என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் விரல் வலித்தது.

"இவ எம் பொண்ணு. அவிய அம்மா கூட உக்காரட்டும்," என்றேன்.

அவர் பெண்கள் பக்கம் திரும்பி, "கொஞ்சம் ஒடுங்கி உக்காருங்கம்மா, ரெண்டு பேரு வாராக," என்றார். இரண்டு பெண்கள் எழுந்து தூரத்தில் போய் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். நான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்காமல், அந்த நீலப் பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சுகமாகவே நடந்தது என்று சொன்னால் அது பொய். பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள், வீட்டில் வைத்துத்தான் படித்தாள். சில வீடுகள் துணி கொடுப்பதை நிறுத்தின. தெருவில் போகும்போது சொல்லக்கூடாத வார்த்தை காதில் விழும். ஆனால் எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா ஒருவர், தன் மருமகளையே கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "மீ பாப்ப அளவு எடுக்கட்டும்," என்றார். உங்கள் பெண் பிள்ளை என்று அர்த்தம். அப்படித்தான் எங்கள் தெருவில் பெண்கள் தையல் கடைப் படி ஏற ஆரம்பித்தார்கள். பின்கதவுப் பக்கம் ஒரு திரை கட்டி, என் மகள் டேப்பு வைத்து அளவு எடுப்பாள். நூல் முடிச்சு மெல்ல மெல்ல நின்றுபோனது. துணி கொடுக்காமல் போனவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள்.

அண்ணன் நாலு வருஷம் பேசவில்லை. ஒருநாள் கோட்டு இடுப்பில் பிடிக்கிறது என்று, வேறு தையல்காரனே இல்லாததுபோல பாளையங்கோட்டையிலிருந்து ராஜபாளையம் வந்தார். என் மகள்தான் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத் தைக்கா," என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய காரியம்.

பாளையங்கோட்டைக்கென்று கண்ணளவில் தைத்த அந்தச் சட்டையை நான் பிரிக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. மேஜை டிராயரில் அளவு நூல்களோடு சுருட்டி வைத்திருக்கிறேன். இப்போதும் யாராவது தங்கள் பிள்ளையைப் பற்றி இவன் இப்படி, இவள் அப்படி என்று அடித்துச் சொன்னால் நான் வாயைத் திறப்பதில்லை. என் பிள்ளையையே அளந்து பார்க்காமல் வெட்டினவன் நான்.