நர்ஸ் சொன்ன டிஸ்சார்ஜ்

வண்டி பேட்டரிகளைப் பழுதுபார்த்தே இருபத்தாறு வருஷத்தை ஓட்டியவர். தெருவுக்கே அவர் பேட்டரிக்காரர்தான். மீட்டரில் முள் சாய்ந்துவிட்டால், "சுத்தமா டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு, விட்டுட்டுப் போங்க" என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கும் அதே வார்த்தைதான் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு மூன்றாவதாக ஒரு பொருள் இருப்பது தெரியாது.

மனைவிக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆன ஐந்தாம் நாள் காலை, நர்ஸிடமிருந்து போன்.

"அம்மாவுக்கு டிஸ்சார்ஜ் இருக்கு. சீக்கிரம் வாங்க."

"வந்துட்டே இருக்கேன் சிஸ்டர்!"

கடையை அப்படியே சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார். பெருக்கினார். படுக்கை விரிப்பை மாற்றினார். மனைவியின் நீலப் புடவையையும் செருப்பையும் பையில் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக வார்டுக்குள் நுழைந்தார்.

கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தரையில் கிடந்த விரிப்பில் பழுப்பாக ஒரு பெரிய கறை.

பக்கத்துக் கட்டில் பெண் அவர் முகத்தைப் பார்க்காமலே, "தூக்கிட்டுப் போயிட்டாங்கண்ணே" என்றாள்.

"எங்கேம்மா?"

அதற்குள் நர்ஸ் ஓடிவந்தாள். "இவ்வளவு நேரம் எங்க போனீங்க? மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயிருக்கோம். கையெழுத்துப் போடுங்க!"

"டிஸ்சார்ஜ்னு சொன்னீங்களேம்மா..."

அவள் கண் பையில் எட்டிப்பார்த்த செருப்பின்மேல் விழுந்தது. குரல் இறங்கியது. "ஐயா, தையல்லேருந்து சீழ் வடியுது. அதைத்தான் டிஸ்சார்ஜ்னு சொன்னேன்."

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மனைவி வலியில் துடித்த நேரத்தில் நான் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேனே என்ற நினைப்பு அவரை விடவில்லை. தியேட்டர் கதவு அசையும்போதெல்லாம் எழுந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை என்றதும் உட்கார்ந்தார்.

மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். "சுத்தம் பண்ணியாச்சு. ரெண்டு நாள் போகட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும்."

அந்த இரண்டு நாளும் நர்ஸ்கள் தங்களுக்குள் பேசும் ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் அவர் எழுந்து போய் அர்த்தம் கேட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, மனைவி கண் திறந்தாள்.

"வீட்டைப் பூட்டினீங்களா?"

பூட்டினாரா இல்லையா, நினைவே இல்லை. "பூட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

எட்டு நாள் கழித்து அதே நர்ஸ் சீட்டோடு வந்தாள். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம் ஐயா" என்றாள்.