ரேடாரில் தெரிந்த தகரக் கூரை

நான் குடியிருக்கும் வீட்டின் வாசற்கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பை இருக்கும். நார்வேக்கு வந்த புதிதில், வீட்டுக்காரப் பெண்மணி இங்ரித் எங்கோ பயணம் கிளம்புகிறார் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்தும் பை அங்கேயே இருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் "பயணமா?" என்று கேட்டேன். "இல்லை, ஃபியெல்லுக்காக" என்றார். ஃபியெல் என்றால் மலை. இங்கே சனிக்கிழமை ஆனால் கிழவர்கள்கூட மலையேறப் போவார்கள். ஆகவே, "நல்லது, நானும் ஒருநாள் வருகிறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சன்னலுக்கு எதிரே நின்ற மலையைக் கைகாட்டினார். அதன் ஒரு பக்கம் மெல்லப் பிரிந்துகொண்டிருக்கிறது. வேகம் கூடினால் எல்லோருடைய கைபேசிக்கும் செய்தி வரும். பையோடு கிளம்ப வேண்டும். மலை அடங்கியதும் திரும்பலாம். பையில் இருந்தவை: மாத்திரைகள், கம்பளிக் காலுறை, வீட்டுப் பத்திரம், பூனைக்குத் தீனி. நிலச்சரிவை ஆராய வந்தவளுக்கு அந்தப் பை புரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

என் வேலையை ஊரில் சொல்லிப் புரியவைப்பது சிரமம். செயற்கைக்கோள் மேலிருந்து ரேடார் அலைகளை அனுப்பும். பாறை, கட்டடம், தகரம் போன்றவை அவற்றைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும். சில நாட்களுக்கு ஒருமுறை வரும் படங்களில் அந்தப் புள்ளிகளை ஒப்பிட்டால், நிலம் நகத்தின் கனம் அளவுக்கு நகர்ந்தாலும் கண்டுபிடிக்கலாம். இலை தழைகளை நம்ப முடியாது. அவை காற்றுக்கும் மழைக்கும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் மதிய இடைவேளையில் எங்கள் கொல்லிமலையின் படத்தைத் திறந்து பார்த்தேன். வாசலூர்பட்டி ஏரி கறுப்பாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊர் இருக்கும் திண்ணனூர் நாட்டுப் பக்கம் தேடினேன். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடும் மிளகுக்கொடி ஏறிய மரங்களும் வெறும் சாம்பல் சிதறல். நடுவில் ஒரே ஒரு புள்ளி வெள்ளையாக எரிந்தது. எங்கள் வீட்டுத் தகரக் கூரை! நான் பள்ளியில் படிக்கும்போது, புல் வேய்ந்த கூரையைப் பிரித்துவிட்டு அப்பா போட்டது. லாரி ரோட்டோடு நின்றுவிட, தகடுகளை ஒற்றையடிப் பாதையில் தலையில் வைத்துக் கொண்டுவந்தோம். மழை பெய்தால் வீட்டுக்குள் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எங்களைச் சைகையில்தான் கூப்பிடுவார். படிக்க விடாத அந்தச் சத்தத்தை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இப்போது, புதிய படம் வராத நாட்களிலும் அந்தப் புள்ளியைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம் சாப்பிட ஆரம்பித்தேன்.

உடன் வேலை செய்யும் லார்ஸ் ஒருமுறை எட்டிப் பார்த்து, "இந்தப் புள்ளி எப்படி?" என்றார். அவர் கேட்டது தரத்தை. நானோ, "நன்றாக இருக்கிறார்கள், அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி" என்று சொல்லிவிட்டேன்.

பழைய படங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, புள்ளி நன்றாக இல்லை என்று தெரிந்தது. மெதுவாக, விடாமல், சரிவின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒற்றைப் புள்ளியை நம்பி வேறு எந்த மலையைப் பற்றியும் நான் வாய் திறக்க மாட்டேன். ஐப்பசி மழைக்குச் சில வாரங்களே இருந்ததால் ஊருக்குப் பேசினேன்.

"அப்பா, ஊட்டுக்கு மேல காட்டுல வெடிப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"காடுன்னா வெடிப்பு இல்லாம இருக்குமா கண்ணு? அங்கிருந்து நம்ம ஊடு தெரியுதா உனக்கு?"

"கூரை தெரியுதுங்கப்பா."

"அப்ப ஒரு வேல பண்ணு சாமி. சேவல் ஒண்ணு நேத்திருந்து காணோம். எந்தப் பக்கம் போச்சுன்னு பாத்துச் சொல்லு."

பின்னால் அம்மா சிரித்தார். வீடு சரிவில் இறங்குகிறது, மழைக்கு முன்னால் மாறிவிடுங்கள் என்றேன். அப்பாவின் குரல் மாறியது.

"சேந்தமங்கலத்துக்கு எறக்கோணும்னு எத்தன நாளாச் சொல்ற நீ. அதுக்கு இது புதுச் சாக்கா?"

அவர் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரி பக்கம், பஸ் பக்கம், கடை பக்கம் என்று காரணங்களை அடுக்கி, மலைக்குக் கீழே சேந்தமங்கலத்துக்கு வந்துவிடுங்கள் என்று முடிப்பதே என் வழக்கம். மலை நகர்வதும் அவருக்கு அந்த வரிசையில் இன்னொன்று.

அந்த வாரம் இங்கே கைபேசிச் செய்தி வந்தது. இங்ரித் அடுப்பை அணைத்து, பூனையைக் கூடையில் வைத்து, பையைத் தோளில் மாட்டினார். பயமில்லையா என்று கேட்டேன். "வீடு இங்கேதானே இருக்கிறது, திரும்பி வரப்போகிறோம்" என்றார். நானும் கூடப் போய்த் தங்கிய அவருடைய தங்கை வீட்டிலிருந்து மறுபடி அப்பாவை அழைத்தேன்.

"நீங்க கீழ வர வேண்டாங்கப்பா. மழ பெய்யறப்ப மட்டும் மேட்டுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா ஊட்டுல படுத்துக்குங்க. விட்டதும் வந்துருங்க."

அந்தப் பக்கம் இழைப்புளியால் மரம் சீவும் சத்தம் கேட்டது. அம்மா போனை வாங்கினார். "அவுரு எங்க கேக்கறாரு? கதவச் சீவறதுக்கே நேரம் பத்தல."

"எந்தக் கதவும்மா?"

"வாசக்கதவுதான். கீழ உரசுது. சித்திரைல சீவுனாரு, ஆடில சீவுனாரு, இப்ப மறுக்கா உக்காந்துட்டாரு."

மழைக்காலத்தில் மரம் ஊதிக் கதவு இறுகுவது எங்கள் ஊரில் வழக்கம்தான். ஆனால் சித்திரை வெயிலில்? போனை அப்பாவிடம் தரச் சொன்னேன்.

"சித்திரைல கதவு எதுக்குங்கப்பா ஊதுச்சு?"

இழைப்புளிச் சத்தம் நின்றது.

"அப்ப கதவு ஊதுல. நெலதான் சாஞ்சிருக்குது" என்றார்.

மறுநாள் கிழங்குக் காட்டுக்குள் ஏறிப் பார்த்தார். வெடிப்பில் மண்வெட்டிக் காம்பு உள்ளே போனதாம். அப்பா சேந்தமங்கலம் போகவில்லை. கூரைத் தகடுகளைப் பிரித்து, சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்தில், எங்கள் சாமைக் காட்டு ஓரத்தில் ஒரு வீடு போட்டார்.

"மலைய உட்டு எறங்குலீல்ல?" என்றார் வெற்றிக் குரலில். "சேவலும் இங்கதான் இருந்துச்சு. நமக்கு முன்னாடியே குடி வந்திருச்சு."

பழைய சரிவு இன்னும் விழவில்லை. விழாமலே போகலாம்.

ஐப்பசியில் வந்த படத்தில் எங்கள் புள்ளி இல்லை. "நல்ல புள்ளி, இழந்துவிட்டாயே" என்று லார்ஸ் வருத்தப்பட்டார். புதிய இடத்தில் அதே தகரம்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைப் புள்ளி என்று கணினி ஏற்றுக்கொள்ள, அது பல முறை அதே இடத்தில் தெரிய வேண்டும். அந்த வீட்டுக்குள் நான் ஒருமுறைகூடப் போனதில்லை.

அன்று மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அம்மா அழைத்தார். அங்கே நல்ல மழை. அவர் கத்திப் பேசியும் ஒரு சொல் கேட்கவில்லை. காதில் எங்கள் கூரை இரைந்துகொண்டிருந்தது. திரையில் அது இருந்த இடம் இருட்டாக இருந்தது. சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டு, "வாரேம்மா" என்றேன்.