அக்கார்டியனைக் கண்டால் கிளம்பாத கார்

மினசோட்டாவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஒரு தலைமுறைக்கு ஓட்டியவர் இர்மா அக்கா. பஸ்ஸில் பிள்ளைகளை எப்படி மிரட்டினாரோ, அப்படியேதான் சொந்தக் காரில் பெரியவர்களையும். பெல்ட் போடாதவன் ஏறக்கூடாது. கதவு திறந்திருந்தால் எஞ்சின் ஓடக்கூடாது. எங்கள் பாதிரியாரே ஒருமுறை பெல்ட் போட மறந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தால் அதே அக்கா வேறு ஆள். அக்கார்டியன் பெட்டியை நெஞ்சில் மாட்டித் துருத்தி மாதிரி இழுத்து, போல்கா என்ற துள்ளாட்ட இசையை வாசிப்பார். கைத்தடி ஊன்றி வந்தவனும் தடியை மூலையில் சாத்திவிட்டு ஆடப் போய்விடுவான். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஜனங்களின் கல்யாணங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊரையே பின்னால் இழுத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். அந்த ஊர்வலத்துக்கு வாசிப்பது அக்காதான். அந்த இடத்தின்மேல் ஊரின் இன்னொரு அக்கார்டியன்காரன் லெஸ்டர் பிஷனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

அக்காவின் அண்ணன் மகள் டெனிஸுக்குக் கல்யாணம். நான் பக்கத்து வீட்டில் டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் குரல் கேட்டது.

"ஒட்டோ! டேய் ஒட்டோ! இங்க வாடா! இந்தச் சனியன் கிளம்ப மாட்டேங்குது!"

ஊரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் நான். கோட்டுப் போட்டிருந்தாலும் விடமாட்டார்கள். ஓடினேன்.

எழுபத்துநாலாம் வருஷத்துப் பச்சைக் கார், படகு நீளம். டிக்கி முழுக்கக் கல்யாண பீர் பீப்பாய். பின் சீட்டு முழுக்க கோலாச்சி பன் தட்டுகள். எப்போதும் டிக்கியில் போகும் அக்கார்டியன் அன்றைக்குத்தான் முதல்முறையாக முன் சீட்டில், மகாராணி மாதிரி.

"ஹெட்லைட் போடுங்கக்கா." பளிச்சென்று எரிந்தது. ஹார்ன் அலறியது. பேட்டரி நன்றாக இருக்கிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை. கியரை நியூட்ரலில் போட்டுத் திருப்பச் சொன்னேன். ம்ஹூம்.

"ஒயர் எங்கயோ லூஸு," என்றேன். அக்கார்டியனைப் புல்லில் இறக்கிவிட்டு, வெளியே மண்டியிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு நாலு ஒயரை ஆட்டினேன். "இப்பத் திருப்புங்க."

கார் கர்ஜித்துக் கிளம்பியது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இருடா, கதவு திறந்திருக்கு," என்று அக்கா எஞ்சினை அணைத்துவிட்டார். அக்கார்டியனை ஏற்றினோம். கதவைச் சாத்தினோம். சாவியைத் திருப்பினார். பேச்சு மூச்சு இல்லை.

மறுபடி இறக்கினேன். ஒயரைத் தொட்டேனோ இல்லையோ, கிளம்பியது. அணைத்து, ஏற்றி, திருப்பினால், செத்தது.

எதிர்வீட்டு பென்னோ தாத்தா யாரும் கூப்பிடாமலே கையில் பீரோடு வந்து நின்றிருந்தார். "எனக்குப் புரிஞ்சுபோச்சு. காருக்கு போல்கா புடிக்கல. எத்தன வருஷம் டிக்கியில வெச்சுப் பொறுத்துக்கிச்சு, பாவம்!"

"தாத்தா, வாய மூடிக்கிட்டுக் குடிங்க," என்றேன். "அக்கா, இன்னைக்கு ஒருநாள் எஞ்சின் ஓடும்போதே ஏத்திருவோமே?"

"என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் நடக்காது!"

வீட்டுக்குள் போன் அடித்தது. பென்னோ தாத்தா உள்ளே போய் எடுத்து, ஜன்னல் வழியாகக் கத்தினார். "டெனிஸ் பேசுது! 'அத்தை எங்க?'ன்னு அழுவுது! லெஸ்டர் மேடையேறிட்டானாம்! பெட்டியத் தொறந்துட்டானாம்!"

அக்காவின் முகம் சிவந்தது. "அந்த லெஸ்டரா? என் டெனிஸுக்கா?" கதவை இழுத்துத் திறந்து அக்கார்டியனை நிமிர்த்தி வைத்தார். அது வழுக்கிச் சாய்ந்தது. நிமிர்த்தினார். மறுபடி சாய்ந்தது. அவ்வளவுதான், பஸ் அக்கா வந்துவிட்டார்.

"ஒழுங்கா உக்காரத் தெரியாது? எத்தன தடவ சொல்றது!"

பெல்ட்டை இழுத்து அதன் வயிற்றைச் சுற்றிப் போட்டு 'க்ளிக்' என்று மாட்டினார். சுற்றி வந்து உட்கார்ந்து, தன் பெல்ட்டையும் மாட்டி, சாவியைத் திருப்பினார்.

கர்ர்ர்! ஊரே கேட்கும்படி கிளம்பியது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வருஷத்துக் கார்கள் அப்படித்தான். முன் சீட்டில் கனம் இருந்து பெல்ட் போடாவிட்டால் செல்ஃப் எடுக்காது. தொல்லை தாங்காமல் ஊரில் எல்லாரும் அந்த ஒயரை வெட்டச் சொல்லி, நானேதான் வெட்டிக் கொடுத்தேன். அக்கா மட்டும் விடவில்லை. அவர் பக்கத்தில் பெல்ட் போடாமல் ஒருத்தனும் உட்கார்ந்ததில்லை என்பதால் இத்தனை வருஷமும் அது வெளியே தெரியவே இல்லை!

"நான் சொல்றதக் கேக்குற ஒரே சீவன் இந்தக் காருதான்டா!" என்று அக்கா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்குக் காரில் இடமில்லை. பென்னோ தாத்தாவும் நானும் பின்னாலேயே கோட்டு பறக்க ஓடினோம்.

மண்டபத்தில் லெஸ்டர் முதல் வரியை முடிக்கவில்லை. வாசலிலிருந்தே அக்கா இழுத்த இழுப்பில் அவன் வாத்தியம் பூனைக்குட்டி மாதிரி முனகி அடங்கியது. டெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையை இழுத்தாள். ஊரே சுழன்றது. பென்னோ தாத்தா இரண்டு முறை விழுந்து மூன்று முறை எழுந்தார், எப்படி என்று கேட்காதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் லெஸ்டர் தயங்கித் தயங்கி வந்தான். "அக்கா, போற வழிதானே, என்னையும் எறக்கி விட்டுருங்களேன்."

"பின்னால ஏறுடா," என்றார் அக்கா, அக்கார்டியனுக்கு பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "முன் சீட்டுல ஆள் இருக்கு."