முக்கோணத்துக்குள் ஒரு முட்டை

எங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. முக்கோணக்காரர் என்றால் உடனே வழி காட்டுவார்கள். லாண்டரிக் கடை வைத்திருந்தார். துணியை வாங்கிய கையோடு காலரின் உள்பக்கம் அழியாத மையால் சின்னதாக ஒரு முக்கோணம் போட்டு, அதற்குள் அந்த வீட்டுக்கான எண்ணை எழுதுவார். முக்கோணம் எங்கள் கடை, எண் வாடிக்கையாளர். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு துண்டுகூட வீடு மாறிப் போனதில்லை என்று அம்மா இன்றைக்கும் பீற்றிக்கொள்வாள்.

எங்கள் வீட்டுத் துணிக்கும் குறி உண்டு. முக்கோணத்துக்குள் பூஜ்யம். "ஒண்ணு, ரெண்டெல்லாம் கடைக்கு வர்றவங்களுக்கு. நமக்கு சைபர் போதும்" என்பார்.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என் காலரைத் திருப்பிப் பார்த்துத் தொலைத்துவிட்டாள். பத்தாவது முடிக்கும்வரை என் பெயர் முட்டை. வீட்டுக்கு வந்து பையை விட்டெறிந்து, காட்டுக் கத்தல் கத்தினேன். "முட்டைன்னா சத்துதானே பாப்பா" என்றார் அப்பா. எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் என் பாவாடை மடிப்பு ஒவ்வொன்றையும் விறைப்பாகத் தேய்த்து, கதவில் மாட்டி வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்த சமாதானம் அதுதான்.

அந்த மனுஷன் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. காலை ஆறு மணிக்கு இஸ்திரிப் பெட்டி சூடேறினால் சாப்பாடுகூட நின்றபடிதான். காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். முன்கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. சட்டைப் பையில் யாராவது கடிதத்தை மறந்து வைத்திருந்தால், "நான் படிக்கல சார்" என்று நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். வாங்குகிறவர் பாடு திண்டாட்டம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது போலீஸ்காரர் ஒருவர் ஒரு பெரியவரைக் கைப்பிடித்துக் கடைக்குக் கூட்டி வந்தார். ஞாபகம் தப்பிய மனிதர். தன் பெயரே தெரியவில்லை. ஆனால் காலரில் முக்கோணம் இருந்தது. அப்பா ஒரு பார்வைதான் பார்த்தார். "நாப்பத்திரெண்டு. தண்ணித் தொட்டிக்குப் பின்னால, பச்சைக் கேட்டு வீடு. நானே கொண்டு போய் விட்டுடறேன் சார்." கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா பாப்பா? அவரு வாய் பேசல, காலர் பேசிடுச்சு!"

ஆக, அந்தக் குறியின் அருமை எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

தம்பி கல்யாணத்துக்கு அப்பாவுக்கு ஒரு வெளிர் நீலச் சட்டை எடுத்தேன். கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன்: "இதுல உங்க முக்கோணம், முட்டை எதுவும் வரக்கூடாது. ஒரு சட்டையாவது மனுஷங்க சட்டை மாதிரி இருக்கட்டும்." தலையாட்டினார்.

ஆறு மாதம் கழித்து எனக்குப் போன் செய்தார். "பாப்பா, அந்த நீலச் சட்டைய அடிக்கடி போடறேன். வெளுக்கப் போட்டா மத்த துணியோட கலந்துடுமோன்னு பயமா இருக்கு. ஓரமா, கண்ணுக்கே தெரியாம ஒண்ணு போட்டுக்கட்டுமா?"

"ஒரு தடவை சொன்னா புரியாதாப்பா? வேணாம்னா வேணாம்."

"சரிம்மா, சரி. கோவிச்சுக்காத" என்று வைத்துவிட்டார். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் இஸ்திரிப் பெட்டிக்கு வயர் வாங்கக் கிளம்பியவர் பஸ்ஸிலேயே சரிந்து விழுந்துவிட்டார். போன் கடையில் சார்ஜில் கிடந்தது. யாரோ புண்ணியவான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். பெயர் தெரியாத ஆள் என்று எழுதிப் படுக்க வைத்திருந்தார்கள். நாங்கள் அலையாய் அலைந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. உயிர் போய் அரை மணி நேரமாகியிருந்தது.

அம்மா உள்ளே அவர் பக்கத்தில் இருந்தாள். நர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டு, ஒரு பையில் அந்த நீலச் சட்டையைக் கொடுத்தாள்.

"ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, பேச்சு வரல. ஆனா நினைவு இருந்துச்சும்மா. எந்த வீடு, யாருக்குச் சொல்லணும்னு கேட்டுட்டே இருந்தோம். கேக்கறப்பல்லாம் காலரப் புடிச்சுப் புடிச்சு இழுத்தாரு. மூச்சு முட்டுது போலன்னு பட்டனைக் கழட்டி விட்டோம். அப்பவும் காலர விடல, பாவம்."

காலரைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளி மைகூட இல்லை. எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார். காப்பாற்றியதை மட்டும் அங்கே படுத்துக்கொண்டு மறந்துபோயிருக்கிறார்.

நர்ஸ் சொன்னதை அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு உடனே புரிந்துவிடும்.