நெடுந்தீவில் தவறிய லோஞ்ச்

வாடகைச் சைக்கிளில் நெடுந்தீவைத் தனியாகச் சுற்றிவிட்டுத் திரும்புகிறேன். கல்மதில்களுக்கிடையே வழி தவறியதில் நேரம் போய்விட்டது. துறைக்குச் சற்றுத் தள்ளிக் கடற்கரையை அடையும்போதே, தீவிலிருந்து போகும் கடைசிப் பயணிகள் படகான மாலை லோஞ்ச் புறப்பட்டுவிட்டது தெரிகிறது. இந்தத் தீவில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

மணலில் ஒரு பெண் கடலையே பார்த்தபடி நிற்கிறார்.

"அக்கா, இனி லோஞ்ச் இல்லையோ?"

"நாளைக்குத்தான். எங்கையிருந்து வந்தனீர், தம்பி?"

"கொழும்பிலயிருந்து வந்தனான். இண்டைக்கே திரும்ப வேணும்."

கடலை நோக்கிக் கையை நீட்டிக் காட்டுகிறார். கடற்படைப் படகொன்று லோஞ்சைச் சோதனைக்காக மறித்து நிற்கிறது. லோஞ்சில் எல்லோரும் கைகளைத் தூக்கியபடி நிற்கிறார்கள்.  நல்லவேளை, நான் அதில் இல்லை என்று நினைக்கிறேன்.

"என்ரை மனுசன் அதிலைதான் போறார்," என்கிறார் அக்கா.

வெகுநேரத்துக்குப் பிறகு கடற்படைப் படகு விலகுகிறது. மேலே போக விடவில்லைப் போலும்; லோஞ்ச் துறைக்கே திரும்பி வருகிறது. யாரையாவது பிடித்துப் போனார்களா, தெரியவில்லை.

"ஒருக்கால் சைக்கிளைத் தாரும்."

என் பதிலுக்குக் காத்திராமல் அக்கா ஏறி மிதிக்கிறார். நான் பின்னால் ஓடுகிறேன்.

மூச்சிரைக்கத் துறையை அடையும்போது, லோஞ்சிலிருந்து இறங்கிய கணவரின் கையைப் பிடித்தபடி அக்கா நிற்கிறார்.   என்னைக் கண்டதும் அவரிடம் சொல்கிறார்.

"இந்தத் தம்பி லோஞ்சை விட்டிட்டார். இரவைக்கு எங்கட வீட்டைதான்."