எண்ணெயாக வந்த தவணைகள்

குற்றாலத்தில் எனக்கு ஒரு கடை இருந்தது. நல்லெண்ணெய், துண்டு, சோப்பு விற்பேன். பின்னால் இரண்டு பலகைகள். அருவிக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட இரண்டு ஆட்கள். பி.ஏ. படித்துவிட்டு இந்தத் தொழிலா என்று தென்காசியில் சிரித்தார்கள். அந்தக் கடைதான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது.

முழங்கால் ஒத்துழைக்காததால் ஓர் ஆடி மாதம் அதை விற்றேன். வாங்கியவர் கடையநல்லூர்க்காரர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர். முன்பணம் போக மீதியைப் பத்துத் தவணையில் தருவதாகப் பேச்சு. மார்கழி வரை ஐந்து வந்தது. தையில் பக்கத்து லாட்ஜை இடித்தார்கள். கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அங்கே தங்கியவர்கள்.

மாசியில் தவணை கேட்டுப் போனேன்.

"வாங்க அண்ணாச்சி. கையில ஒண்ணுமில்ல. சட்டையக் கழட்டுங்க, உடம்பையாவது கவனிப்போம்" என்றார்.

ஆட்களை நிறுத்திவிட்டு அவரே தேய்க்கப் பழகியிருந்தார். நல்ல கை. வீடு திரும்பியதும் என் மனைவி, "தவணை வந்துட்டு போல, வாசல்லயே மணக்கு" என்றாள். பங்குனியிலும் அப்படித்தான் வந்தேன். "இப்படியே போனா கடைய நீங்க தலையிலேயே திருப்பி வாங்கிருவிய" என்றாள்.

சித்திரையில் பலகையில் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் வழிந்ததால் கண்களை மூடியிருந்தேன். திறந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"லாட்ஜை இடிக்கப் போறது எனக்கு முன்னாடியே தெரியும். லாட்ஜ் முதலாளி ஆனியிலேயே சொல்லிட்டார்."

இரண்டு கைகளும் என் உச்சந்தலையில் அப்படியே நின்றன.

"தெரிஞ்சுதான் வித்தியளா?"

"ஆமா."

"எங்க வீட்டுல நகைய அடகு வச்சில்லா முன்பணம் தந்தேன்."

"அதுவும் தெரியும்."

அவர் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை என்று பல மாதம் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். மீதித் தவணை வேண்டாம் என்றேன்.

"அதப் பெரிய மனசுன்னு நான் சொல்லணுமாக்கும்?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, "மூணு மாசமா தேய்ச்சிருக்கேன். அதுக்குக் கூலி எடுத்து வைங்க."

சட்டைப்பையில் இருந்ததை எல்லாம் கொடுத்தேன். பஸ்ஸுக்கு வேண்டியதை எண்ணித் திருப்பித் தந்தார். பிறகு என் பிடரியைப் பிடித்துக் குனிய வைத்தார்.

"பாதியில விட்டா சளி பிடிச்சிரும். அசையாம இருங்க."

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளை நகைய முதல்ல மீட்டுக் குடுங்க. மத்தத அப்புறம் பேசலாம்" என்றாள். வாங்கிய தவணைப் பணத்தில் மிச்சம் இருந்தது. குறைந்ததை அவளே தன் சேமிப்பிலிருந்து கொடுத்தாள். நகையை மீட்டு அவர் கையில் கொடுத்தபோது டீ வாங்கி வந்தார். குடித்தோம்.

இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். கூலியில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். நேற்று நல்ல சாரல். பலகைக்கு எனக்கு முன்னால் நாலு பேர்.

"வரிசையில நில்லுங்க, அண்ணாச்சி" என்றார். நின்றேன்.