குழாய் ஸ்பீக்கரில் வந்த கேள்வி

தீவுத் தலைநகரின் அபர்டீன் பஜாரிலிருந்து மேட்டுக்கு ஏறும் சாலையில் பள்ளிவாசல், முருகன் கோயில், ராஞ்சிக்காரர்கள் கூடும் சர்ச், வங்காளிகளின் காளி மண்டபம், ஒரு பள்ளிக்கூடம், எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அத்தனைக்கும் மைக் செட் போடுகிறவர் லத்தீபாதான். கணவர் முபாரக் மாரடைப்பில் போனபோது, ஆம்ப்ளிஃபயர்களை விற்றுவிடச் சொன்னார்கள் உறவினர்கள். அவர் விற்கவில்லை. ஏணியில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டக் கற்றுக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக அந்த மேட்டின் பாங்கும் பஜனையும் பிரசங்கமும் அவர் கைபட்டுத்தான் வெளியே கேட்கின்றன.

போன பங்குனி உத்திரத்துக்கு முந்தைய நாள் காலை. கோயிலில் மைக்கை இன்னும் செருகவே இல்லை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் குழாயில் ஒரு பெண் பேசினாள். நிதானமான குரல். நாலைந்து சொற்கள்தான். கடைசிச் சொல்லைக் கேள்வி போல உயர்த்தி நிறுத்திவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு மறுபடியும் அதே சொற்கள்.

“ஹார்பர் வயர்லெஸ் பிடிக்குதோ?” என்றார் கோயில் நிர்வாகி துரைசாமி.

“இருக்கும் அண்ணே. எர்த் சரியில்ல போல.” லத்தீபா வயரை மாற்றினார். குரல் நின்றது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அதே குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில். வேறு ஆம்ப்ளிஃபயர், வேறு வயர், அதே கேள்வி. சர்ச்சில் வந்ததை லத்தீபா போனில் பதிந்துகொண்டார்.

போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மிட்டாய்க்கடை வங்காளி காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “ஹமாரா நஹி, தீதி” என்றார், தங்கள் பாஷை இல்லையென்று. தெலுங்குத் தையல்காரர் உதட்டைப் பிதுக்கினார். மலையாள டீச்சருக்கும் மாயாபந்தரிலிருந்து வந்த கரேன் பழங்குடி டிரைவருக்கும் புரியவில்லை. நிக்கோபாரி நர்ஸ் மட்டும் இரண்டு முறை கேட்டார். கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியாகத் துரைசாமியிடம் வந்தார். துரைசாமியின் கொள்ளுத்தாத்தா கைதியாகக் கப்பலில் வந்தவர்.

“அவரு வந்து எறங்குனப்ப இந்த மேடு பூரா ஜங்கிள்தான். ஆனா ஆளில்லாத ஜங்கிள் இல்ல, லத்தீபாம்மா. இங்க இருந்தவங்க பாஷைய பேச இன்னிக்கு ஒருத்தர்கூட கெடையாது.” போனைக் காட்டிச் சொன்னார், “அத டிலீட் பண்ணிரு.”

லத்தீபா அழிக்கவில்லை. மைக்கைச் செருகிய பிறகே ஆம்ப்ளிஃபயரைப் போடுவது என்று வைத்துக்கொண்டார். நாலு மாதம் நிம்மதியாகப் போனது.

ஆகஸ்ட் பதினைந்து காலை, பள்ளி மைதானம். மைக் செருகித்தான் இருந்தது. அப்படியும் அவள் பேசினாள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சளசளப்பு சட்டென்று அடங்கியது. அவர்கள் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. சுற்றுச்சுவருக்கு அப்பால் மரங்கள் அடர்ந்திருந்த சரிவைப் பார்த்தார்கள். பார்த்தபடியே நாற்பது பேரும் ஒரே குரலில் ஒரு சொல் சொன்னார்கள். தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. ஏதோ ஒத்திகை பார்த்த வரவேற்பு என்று நினைத்துப் பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

லத்தீபா அந்த வரிசையிலிருந்த பக்கத்து வீட்டு ஹம்னாவிடம் ஓடிப்போய்க் குனிந்தார்.

“என்னம்மா சொன்னீங்க?”

“அந்த ஆன்ட்டி கேட்டாங்க. சொன்னோம்.”

“என்ன கேட்டாங்க?”

“நீங்க எத்தனை பேருன்னு.”

“நீங்க?”

“நெறைய பேருன்னு சொன்னோம்.”

மறுநாள் கேட்டபோது ஹம்னாவுக்கு எதுவுமே நினைவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் குரல் எங்கும் வரவில்லை. விஷயம் மெல்லத் தெருவுக்குத் தெரிந்தது. பள்ளிவாசலில் துஆ செய்தார்கள். துரைசாமி சரிவைப் பார்த்துச் சூடம் ஏற்றினார். சர்ச்சில் மெழுகுவத்தி எரிந்தது. இதெல்லாம் அவள் திரும்ப வராமலிருக்கவா, அவளுக்காகவா என்று யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. லத்தீபா மூன்று இடத்துக்கும் போய் நின்றுவிட்டு வந்தார்.